நாலு வாரம் கழிச்சு வா

முப்பத்தாறு வயசு ஆம்பளையை, "தாடிய எடுக்கணும்னா வூட்ல ஒரு வார்த்தை கேட்டுகினு வா" என்று படி இறக்கி அனுப்பிய ஒரே ஆள் அந்த அக்காதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கடுப்பு ஏறுகிறது. சலூன்காரன் கேட்டானா? கேட்க மாட்டான். உட்கார் என்பான், உட்கார்ந்தால் சரக்கென்று இழுப்பான், எழுந்து வரலாம். இந்த அம்மாவிடம் ஒரு முடி எடுக்க நான் ஏழு மாசம் அலைந்தேன்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் அந்தத் தோல் கிளினிக் இருந்தது. டாக்டர் வாரத்தில் ரெண்டு சாயங்காலம் வருவார். மற்ற நேரமெல்லாம் லேசர் மெஷினுக்கு அந்த அக்காதான் ராணி. குள்ளமான ஆள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேஜை மேஜையாகத் தேடுவார். டிராயரில் எப்போதும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை இருக்கும். நம்மிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதில் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "நெசமா?" என்பார். அந்த 'நெசமா'வுக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

நான் எதற்கு லேசர் கிளினிக்குக்குப் போனேன் என்று சிரிக்காதீர்கள். அழகுக்கு இல்லை, சோற்றுக்கு. மணலியில் ஒரு ரசாயன ஆலையில் காண்ட்ராக்ட்டில் வால்வு ஃபிட்டர் வேலை. கேஸ் ஓடுகிற இடத்துக்குள் போக வேண்டுமென்றால் மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் மாஸ்க் போட்டாக வேண்டும். அந்த ரப்பர் விளிம்பு கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் அப்பிக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் முடி இருந்தால் சந்து விழும், சந்து வழியாக கேஸ் உள்ளே வரும். அதனால் தினமும் வழவழவென்று ஷேவ் செய்துகொண்டுதான் கேட்டுக்குள் நுழைய முடியும்.

என் முடியோ சுருட்டை. ஷேவ் செய்தால் வெளியே வளராமல் வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பிப் போகும். தாடை முழுக்கக் கொப்புளம், சீழ். கொப்புளத்தின் மேல் மாஸ்க் உட்காருமா? உட்காராது. சேப்டி ஆபீசர் ஆடி மாசமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மாசியில மாஸ்க் டெஸ்ட் இருக்கு. அதுல நீ ஃபெயில் ஆனா உள்ள விடமாட்டேன். வெளிய ஸ்கிராப் யார்டுதான்." பதினோரு வருஷம் வால்வு பிரித்து மாட்டினவன், வெயிலில் துருப்பிடித்த பைப்பைப் பொறுக்கிக் குவிக்க வேண்டும். டாக்டரிடம் போனேன். வேரோடு போனால்தான் கொப்புளம் நிற்கும், லேசர் வைத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் தடவை போகும்போது நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஒரு பொம்பளை நம் மூஞ்சியைக் கிட்டத்தில் பார்க்கப் போகிறாளே, இப்படிக் கலீஜாகவா போவது என்று, நேராக சலூனுக்குப் போய், உள்ளே மடங்கின முடியையெல்லாம் நூல் போட்டுப் பிடுங்கச் சொல்லி, பவுடர் வேறு பூசிக்கொண்டு போனேன். அக்கா விளக்கைக் கிட்டத்தில் இழுத்து என் தாடையைப் பார்த்தார்.

"நூல் போட்டியா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"காலைலதான்கா... கொஞ்சமா."

"போச்சு போ. உள்ள வேர் இருந்தாத்தான நைனா வெளிச்சம் அத்தப் புடிக்கும்? வேரைப் புடுங்கிப் போட்டுட்டு வந்து படுத்தா நான் இன்னாத்த சுடறது? உன் தோலையா? ஷேவ் பண்ணிக்கோ, அது பரவால்ல. புடுங்காத, நூல் போடாத, மெழுகு போடாத. நாலு வாரம் கழிச்சு வா."

நாலு வாரம்! பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினேன். போகப்போகத்தான் தெரிந்தது, வருகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு இதுதான் என்று. வீட்டுக்கு ஆள் வந்தால் முன்னாடியே கூட்டிப் பெருக்கி வைக்கிற மாதிரி, முடி எடுக்கப் போகுமுன் முடியை எடுத்துவிட்டு வருகிறார்கள். வெட்கம். ஒருநாள் எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பத்து நாள். முகத்தில் நூல் போட்டு, முந்தின நாள்தான் நலங்கு மஞ்சளும் பூசி, பளபளவென்று உட்கார்ந்திருந்தாள். அக்கா மெஷினையே தொடவில்லை.

"கல்யாணத்த முடிச்சுகினு வா கண்ணு. இது ஒரு வாட்டில போற விசயம் இல்ல. ஆறு வாட்டி, எட்டு வாட்டி வரணும். அப்பவும் ஒண்ணு ரெண்டு மொளைக்கும். பத்து நாள்ல நான் கை வெச்சு, எதுனா செவந்து போச்சுன்னா மணவறைல எப்படி உக்காருவ?"

பெண்ணின் அம்மா பேசின பேச்சு கீழே செருப்புக்கடை வரைக்கும் கேட்டது. நீயெல்லாம் கடை வெச்சு உருப்படுவியா என்று கை நீட்டிக் கத்தினாள். அக்கா கடலை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மாவும் வந்தது. மோவாயில் ஏழெட்டு வெள்ளை முடி. "இந்த மிஷினுக்குக் கறுப்பு முடிதான் கண்ணுக்குத் தெரியும், வெள்ளை தெரியாது. துட்ட வேஸ்ட் பண்ணாத" என்று அதையும் அனுப்பிவிட்டார். அந்த அம்மா கெஞ்சிப் பார்த்தது, மசியவில்லை. கிளினிக் ஓனர் போனில் கத்துவது எனக்கே கேட்டது. "வர்ற ஆளையெல்லாம் நீயே தொரத்துனா நான் வாடகை எப்படிம்மா கட்டறது?" அக்கா போனைக் காதிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ இன்னா, வெயில்ல நின்னுட்டு வந்துகீற?" என்றார்.

ஆமாம், அது என் ரெண்டாவது விஜயம். ஆவணி. ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை. இருபது நாள் டவர் உச்சியில் வெயிலில் நின்றிருந்தேன். அக்கா என் முன்னங்கையின் உள்பக்கத்தைத் திருப்பி என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைக் காட்டினார். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

"மிஷின் கறுப்பத் தேடிகினு போவும். முடி கறுப்பா, தோல் கறுப்பான்னு அதுக்கு இன்னா தெரியும்? நம்ம தோலுக்கே நான் பாத்துப் பாத்துதான் வைக்கிறேன். இதுல வெயில் வேற சேந்துச்சுன்னா பொத்துப் போவும். நாலு வாரம் கழிச்சு வா."

"யக்கா, என் வேலை வெயில்லதான்கா! கொடை புடிச்சுகினா டவர் மேல ஏற முடியும்?"

"துணி கட்டிக்கோ. போ."

வந்த ஆத்திரத்தில் கீழே செருப்புக்கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், என்ன செய்வார். "எங்கிட்ட தெனம் பத்து பேர் இப்படித்தான் சண்டைக்கு வராங்கண்ணே" என்று ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தார்.

புரட்டாசியில் மூன்றாவது தடவை போனேன். பிடுங்கவில்லை, வெயில் இல்லை, பவுடர் இல்லை. இனி என்ன சொல்லித் துரத்துவாய் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா என் கழுத்தைப் பார்த்தார். அங்கே சபரிமலை டாலர் கோத்த கறுப்புக் கயிறு.

"வருசா வருசம் மாலை போடுவியா?"

"ஆமாக்கா. கார்த்திகையில. அந்த மாசம் மட்டும் கம்பெனில வெளி வேலை குடுத்துருவாங்க."

"அப்ப தாடி வளப்பியே. இத்த எடுத்துட்டா அப்பால தாடிக்கு எங்க போவ?"

நான் அதை யோசிக்கவே இல்லை. யோசிக்காதது தெரியக்கூடாதென்று, "பரவால்லக்கா, எடு" என்றேன்.

"நெசமா? கல்யாணம் ஆயிடுச்சில்ல? வூட்ல ஒரு வார்த்தை கேட்டுகினு வா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! மாஸ்க் போட்டுக்கொண்டு கேஸ் லைனில் இறங்குகிறவன், பொண்டாட்டியிடம் தாடிக்கு உத்தரவு வாங்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து செல்வியிடம் கத்தினேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"மொத்தமா எடுத்துராதய்யா. மாலை போட்ட மாசம் நீ தாடியோட கீற பாரு, அப்பதான் ஸோக்கா கீற."

பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சட்டையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன். மறுநாள் அக்காவிடம் அதைச் சொல்லவும் வெட்கம், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. மென்று விழுங்கிச் சொன்னேன்.

"பாத்தியா? ஒங்கம்பெனி மாஸ்க்க எடுத்துகினு வா. ரப்பர் எங்க உக்காருதோ அங்க மட்டும் எடுக்கலாம். மூக்குக்குக் கீழயும் மோவாய் நடுவுலயும் வுட்டுர்றேன். அது சாமிக்கும் ஒங்க வூட்டம்மாவுக்கும்."

மாஸ்க்கை கேட்டுக்கு வெளியே கொண்டுவருவது லேசா? செக்யூரிட்டியிடம் லெட்டர், ஸ்டோரில் கையெழுத்து, "லேசர் கடைக்கா மாஸ்க்கு?" என்று என் கூட வேலை பார்க்கிற டில்லி ஊரெல்லாம் பரப்பின கிண்டல். எல்லாம் பட்டு, ஒரு பழைய மாஸ்க்கைக் கொண்டுபோனேன். அக்கா அதை என் மூஞ்சியில் அழுத்தி, வெள்ளைப் பென்சிலால் ரப்பர் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார். தையல்காரர் அளவெடுக்கிற பொறுமை. அந்தக் கோட்டைப் பார்த்தபோது இன்றைக்கு அடித்துவிடுவார் என்று நம்பினேன்.

"மாத்திரை எதுனா சாப்புடறியா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"இல்லவே இல்லக்கா."

பொய். சீழ் வற்றட்டும் என்று மெடிக்கலில் நானே ஒரு மாத்திரை கேட்டு வாங்கி ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். சொன்னால் மறுபடி நாலு வாரம் என்பாரே! அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. அக்கா அன்றைக்கும் முழுசாக அடிக்கவில்லை. எனக்கும் அவருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, காதுக்குக் கீழே காலணா அகலத்துக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் வைத்தார். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போலச் சுள்ளென்றது. முடி கருகின நாற்றம் வந்தது. "இது சோதனைக்கு. ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டு."

ஒரு வாரம் எங்கே, மூணாம் நாளே அந்த இடம் பொத்து, நீர் கோத்துக்கொண்டது. பயந்துபோய் ஓடினேன். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். நான் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இத்தத் துன்னுட்டு வெளிச்சமே படக்கூடாது நைனா. நான் மொத்த மூஞ்சியும் அடிச்சிருந்தா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மொத்த மூஞ்சியும் அடிச்சிருந்தா?" மறுபடியும் கேட்டார். என்னிடம் கேட்கிற மாதிரி இல்லை. மருந்து தடவினார், டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார், நடந்ததை நோட்டில் எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடைசியில், "ஆறட்டும். நாலு வாரம் கழிச்சு வா" என்றார். அன்றைக்கு ஒரு நாள்தான் அந்த வார்த்தைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கறுப்புத் தழும்பு இன்னும் என் காதுக்குக் கீழே இருக்கிறது.

ஐப்பசிக் கடைசியில் ஒன்று, கார்த்திகைக் கடைசியில் ஒன்று, தை பிறந்து ஒன்று. மூணு தடவை அடித்தார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள். நேற்று ஷேவ் பண்ணியா, வெயில்ல நின்னியா, க்ரீம் போட்டியா, மாத்திரை, நெசமா? அந்த வருஷம் மாலை போடவில்லை, அடுத்த வருஷம் வருகிறேன் சாமி என்று சொல்லிக்கொண்டேன். கொப்புளம் அடங்கி, தாடை கைக்கு வழவழத்தது.

மாசியில் டெஸ்ட். தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரம் மாதிரி மாட்டி, உள்ளே மாஸ்க்கோடு நிற்க வைத்து, ஒரு கசப்புத் தண்ணியைப் புகை மாதிரி அடிப்பார்கள். மாஸ்க் நன்றாக உட்கார்ந்திருந்தால் நாக்கில் ஒன்றும் தெரியாது. கசந்தால் சந்து இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஷிஃப்டுக்கு ஒரே டெஸ்ட் மாஸ்க். ஒவ்வொருத்தருக்கும் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நாலு பேர் போனார்கள், நாலாவது டில்லி. "கசக்குதா?" "இல்ல சார்." "அடுத்து." நாலு பேரும் பாஸ்.

நான் மாட்டிக்கொண்டேன். இடம் திரும்பச் சொன்னார், வலம் திரும்பச் சொன்னார், குனியச் சொன்னார், சத்தமாக எண்ணச் சொன்னார். இருபத்திரண்டு எண்ணும்போது நாக்கு நுனியில் லேசாகக் கசந்தது. வேப்பங்கொழுந்தைத் தொட்டு எடுத்த மாதிரி, அவ்வளவுதான். எனக்கு உயிரே போய்விட்டது. ஏழு மாசம்! இத்தனை நாலு வாரம்! காதுக்குக் கீழே தழும்பு! எல்லாம் இதற்குத்தானா?

"கசக்குதா?" என்றார் ஆபீசர், பேப்பரைப் பார்த்துக்கொண்டே.

இல்ல சார் என்று சொல்ல ஒரு விநாடி போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மா கடலை உரித்துக்கொண்டு என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்து, நெசமா என்றது. சனியன், அங்கேயும் விடவில்லை.

"கசக்குது சார்."

ஆபீசர் நிமிர்ந்தார். கூடாரத்தைக் கழற்றினார், மாஸ்க்கைக் கழற்றினார். என் தாடையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மூஞ்சி நல்லாத்தானேப்பா இருக்கு?" என்று மாஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ரப்பரை இழுத்து இழுத்துப் பார்த்தார். மோவாய் மடிப்பில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. இழுத்தால் வாய் திறந்தது.

புது மாஸ்க் வந்தது. நூறு வரை எண்ணினேன், ஒன்றும் கசக்கவில்லை. பாஸ். அப்புறம் ஆபீசர் முன்னால் போன நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார். கசந்துச்சா இல்லையா என்று கத்தினார். டில்லிதான் முதலில் வாயைத் திறந்தான். "லேசா கசந்துச்சு சார். முன்னாடி போனவன் இல்லன்னான், நானும் இல்லன்ட்டேன். வெளிய தள்ளிட்டீங்கன்னா புள்ளைங்களுக்கு நான் இன்னா பண்றது?" அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே பயத்தில்தான் நின்றேன். மறுவாரம் அம்மோனியா லைனில் இறங்க வேண்டியவர்கள் நாங்கள்.

அன்று சாயங்காலமே கால் கிலோ மைசூர்பாகோடு மாடி ஏறினேன். ஒரு மூச்சில் எல்லாம் சொன்னேன். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கசப்புத் தண்ணி தோல் மேல பட்டுச்சா?"

"யக்கா! நான் இன்னா சொல்லிகினு கீறேன், நீ இன்னா கேக்கற!"

"பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"அப்ப இன்னிக்கு அடிக்க மாட்டேன். ஒரு வாரம் போவட்டும்." இன்னொரு துண்டை எடுத்தார். "ஏன் நைனா, நாலு பேருக்குக் கசந்துகீது. ஒருத்தன்கூடவா சொல்லல?"

"ரெண்டாவது வாட்டி யாரும் கேக்கலக்கா."

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில்தான் இருந்தது, நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மோவாய்த் தாடியோடு மலைக்குப் போனேன். ஆட்டுத்தாடி சாமி என்று குருசாமி வரைக்கும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. அதற்குள் கிளினிக் கைமாறி, அக்காவைக் காணோம். எங்கே போனார் என்று செருப்புக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. பேர் சொல்லி விசாரிக்கலாமென்றால் பேர் தெரியாது. என்னிடம் இருநூறு கேள்வி கேட்ட ஆளிடம் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. என்ன மனுஷன் நான்.

போன மாசம், அங்கங்கே முளைத்ததை எடுக்கலாமென்று அதே மாடிக்குப் போனேன். புது ஏ.சி., புது மெஷின், யூனிபார்ம் போட்ட சின்னப் பெண். ஒரு ஃபார்மைக் கொடுத்தாள், எல்லாக் கட்டத்திலும் மடமடவென்று டிக் அடித்தேன்.

"படுங்க சார்."

படுத்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். மெஷின் உறுமுகிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்மா, வெயில்ல நின்னேனான்னு கேக்க மாட்டியா?"

"ஃபார்ம்ல 'இல்லை'ன்னு டிக் பண்ணியிருக்கீங்களே சார்."

"அது சும்மா அடிச்சதும்மா. போன வாரம் பூரா டவர் மேலதான் நின்னேன்."

"பரவால்ல சார், கொஞ்சம் கொறச்சு வெச்சுக்கறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். "எப்ப சார் வருவீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"நாலு வாரம் கழிச்சு" என்று சொல்லிவிட்டு நானே படியிறங்கினேன்.